இன்றைக்கு எத்தனை மீட்டர்?

வலங்கைமான் கடைத்தெருவில் கயிறும் தார்ப்பாயும் மண்வெட்டியும் விற்றுக்கொண்டிருந்த ஹஃப்ஸாவுக்குக் கடலைப் பற்றித் தெரிந்ததெல்லாம் ஓர் எண்தான். அந்த எண் தினமும் மதியம் இரண்டு மணிவாக்கில் அவள் போனுக்கு வரும். வரும்வரை அவள் சாப்பிட உட்கார மாட்டாள்.

அனுப்புகிறவன் அவள் கணவன் ஜாஃபர் சாதிக். ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் ஒரு மீன் பண்ணையில் அவனுக்கு முக்குளிக்கிற வேலை. கடலுக்குள் பெரிய பெரிய வலைக்கூண்டுகளைத் தொங்கவிட்டு அதில் மீன் வளர்ப்பார்கள். கூண்டில் எங்கே கிழிந்திருக்கிறது, எத்தனை மீன் செத்து அடியில் கிடக்கிறது என்று சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டு இறங்கிப் பார்க்க வேண்டும். இறங்குவதற்கு முன்னால் கறுப்பும் வெள்ளையுமாகப் பூசிய ஒரு தட்டைக் கயிற்றில் கட்டிக் கடலுக்குள் விடுவார்கள். தட்டு எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறதோ, அத்தனை மீட்டர் அன்றைக்குப் பார்வை. அந்த எண்ணைத்தான் அவன் மனைவிக்கு அனுப்புவான். பிள்ளை குட்டி இல்லாத வீடு. அவர்களுக்கு அதுதான் காதல் கடிதம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறு வருடத்தில் ஹஃப்ஸா அந்த எண்களிலேயே அந்தக் கரையைப் படித்துவிட்டாள். தை, மாசியில் பன்னிரண்டு, பதினைந்து என்று வரும். தண்ணீர் ஆறேழு டிகிரிதான் இருக்கும், ஆனால் கண்ணாடி. சித்திரை நெருங்கி வெயில் வந்துவிட்டால் கண்ணுக்குத் தெரியாத பாசித்தூள் கடல் முழுக்கப் பெருகிவிடும். அப்போது "மூணு. பச்சைக் கஞ்சி" என்று வரும். பெருமழை பெய்தால் மலையிலிருந்து இறங்குகிற ஆற்றுத் தண்ணீர் டீ நிறத்தில் கடலுக்கு மேல் மிதக்குமாம். அன்றைக்கு "மேல டீ, கீழ கண்ணாடி" என்று எழுதுவான். அந்த டீயைத் தாண்டுகிற வரைக்கும் கண் கட்டினது போல இருக்கும், தாண்டிவிட்டால் ஒன்றுமில்லை என்பான். அவளுக்கு அந்த ஒன்றுமில்லை மட்டும் எப்போதுமே நம்பிக்கையாக இல்லை.

மூன்றுக்குக் கீழே எண் வந்த நாளில் அவளுக்குச் சோறு இறங்காது. கல்லாவில் உட்கார்ந்து கயிறு அளக்கும்போது முழம் தப்பும்.

போன ஏப்ரலில் ஒரு செவ்வாய்க்கிழமை எண் வரவில்லை. புதன்கிழமையும் இல்லை. போன் அடித்தால் எடுக்கவில்லை. அந்த இரண்டு நாளும் அவள் கடையைத் திறந்து வைத்துக்கொண்டு யார் என்ன கேட்டாலும் "இல்லை" என்று சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தாள். வியாழக்கிழமை அவனே கூப்பிட்டான்.

"நான் ஊருக்கு வர்றேன் ஹஃப்ஸா."

"என்னாச்சு மச்சான்?"

"ஒண்ணுமில்ல. லீவு."

வந்த ஆளைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது, இது லீவு முகம் இல்லை என்று. தொழுகைக்கு முன் ஒளு செய்து கழுவும்போது முகத்தில் தண்ணீர் பட்டால்கூடக் கண்ணை மூட மாட்டான். எரிந்து சிவந்தாலும் விழித்துக்கொண்டே இருப்பான். கரண்ட் போனால் உட்கார்ந்த இடத்திலிருந்து சடாரென்று எழுந்து வாசலுக்குப் போய்விடுவான். மறுபடி பழகிப் பார்க்கிறேன் என்று காரைக்காலில் இருக்கிற சிநேகிதன் ஜெக்கரியாவிடமிருந்து ஒரு சிலிண்டர் கொண்டுவந்தான். ஒரு நாளும் தொடவில்லை. அது கடைக்குப் பின்னால் ஒட்டியிருந்த வீட்டின் கூடத்து மூலையில் துணி போர்த்திக்கொண்டு, வந்த விருந்தாளி மாதிரி நின்றது.

ஜூன் கடைசியில் ஆற்றில் தண்ணீர் வந்தது. ஒரு வெள்ளை எனாமல் தட்டில் ஆணியால் துளை போட்டுக் கயிறு கோத்துக்கொண்டு வாய்க்கால் படித்துறைக்குப் போனான். அவளும் கூடப் போனாள். தட்டை விட்டான். மணிக்கட்டு நனைவதற்குள் தட்டு காணாமல் போய்விட்டது. செம்மண் கரைசலாகப் புதுத் தண்ணீர் வருவது இந்தப் பக்கத்துச் சனங்களுக்குச் சந்தோஷம். நெல்லும் பூவும் தூவி வரவேற்பார்கள். ஜாஃபரோ தட்டை வெளியே இழுத்துத் துடைத்து, மறுபடி விட்டு, மறுபடி இழுத்துக்கொண்டிருந்தான். அவள் தட்டைப் பிடுங்கிப் பையில் போட்டு அவனை வீட்டுக்குக் கூட்டிவந்தாள்.

ஆகஸ்ட் மாதம் கடையில் ஆள் இல்லாத ஒரு முற்பகலில் அவனாகவே சொன்னான். அன்றைக்குப் பார்வை ஒரு மீட்டர்கூட இல்லை. இறங்கியிருக்கக் கூடாது, இறங்கினான். கூண்டின் அடி வலை ஓரிடத்தில் மடிந்து தொங்கியதை அவன் பார்க்கவில்லை. சிலிண்டரின் கழுத்தில் வலை மாட்டியது. மாட்டினால் என்ன, நிதானமாகக் கழற்றலாம். ஆனால் மேலே கயிறு பிடித்திருந்தவன் பயந்துபோய் இழுத்துவிட்டான். இழுக்க இழுக்க வலை இறுகியது. கைகள் உடம்போடு சேர்ந்துவிட்டன. இன்னொரு ஆள் இறங்கி வந்து வலையை அறுக்கும்வரை அப்படியே கிடந்தான்.

"பதினோரு நிமிஷம். என் கையே எனக்குத் தெரியல ஹஃப்ஸா. கண்ணு திறந்திருக்கா மூடியிருக்கான்னுகூடத் தெரியல."

"இனிமே நீங்க எங்கயும் இறங்க வேண்டாம்" என்றாள். அவனும் சரி என்றான். இருவரும் அதை நம்பினார்கள்.

இங்கே கோவிந்தராசுவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வடக்கே இரண்டு கிலோமீட்டரில் உள்ள ஊரில் பத்து மா, அதாவது மூன்று ஏக்கர் சொச்சம் நிலம் வைத்திருக்கிற மனுஷர். ஹஃப்ஸாவின் கடைக்குப் பழைய வாடிக்கை. வாய் நிறையப் பேசுவார், பேச்சோடு பேச்சாக இன்னும் ஒரு முழம் கயிறு வாங்கிக்கொண்டு போய்விடுவார். அந்த வருடம் மே மாதமே வந்து நீல நைலான் வலை பன்னிரண்டு மீட்டர் கேட்டார்.

"எதுக்குண்ணே?"

"வாத்துக் குஞ்சுங்களுக்கு அடைப்பு தங்கச்சி. அறுந்துராதே?"

"நீங்க அறுந்தாலும் இது அறாது. பாருங்க, இழுக்க இழுக்கக் கடிக்கும். தளர விட்டாத்தான் கழலும்" என்று விரலை விட்டுக் காட்டி, அவளே அளந்து, அவளே வெட்டிச் சுருட்டிக் கொடுத்தாள். நல்ல சரக்கை விற்ற திருப்தி.

நவம்பரில் மழை பிடித்துக்கொண்டது. நான்கு நாள் விடாமல் பெய்ததில் ஆறு கரையை நக்கிக்கொண்டு ஓடியது. அந்த நேரம் பார்த்துக் கோவிந்தராசுவின் ஊருக்குப் பிரிகிற வாய்க்காலின் தலைமதகு மூடவில்லை. மதகுக்குப் பொறுப்பான லஸ்கர் இனியவன் சக்கரத்தைச் சுற்றிச் சுற்றிக் கை ஓய்ந்துபோனான். மதகின் இரும்புக் கதவான ஷட்டர் தரையில் உட்காராமல் ஒரு முழம் மேலேயே நின்றது. அடியில் ஏதோ சிக்கியிருந்தது. அந்த இடைவெளி வழியாக ஆறு வாய்க்காலுக்குள் பாய்ந்தது. நட்டு ஒரு மாதம்கூட ஆகாத சம்பா, முந்நூறு ஏக்கர், நுனி மட்டும் தெரிய நின்றது. அதற்குக் கீழே தாழ்வில் ஒரு தெருவே இருக்கிறது. தீயணைப்புப் படையினர் வேறொரு இடத்தில் உடைப்பெடுத்த கரையில் மாட்டிக்கொண்டிருந்தார்கள். சாயங்காலத்துக்கு முன் வர முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

காலை ஒன்பது மணிக்குக் கோவிந்தராசு எட்டு பேரோடு கடை வாசலில் நின்றார்.

"தம்பி, வெளிநாட்டுக் கடல்லயே முங்குனவரு நீங்க. இது மூணு ஆள் ஆழம்கூட இல்ல."

"அவரு இறங்க மாட்டாருண்ணே" என்றாள் ஹஃப்ஸா. "உடம்புக்கு ஆகாது."

ஜாஃபர் எழுந்து உள்ளே போனான். சிலிண்டர் மீதிருந்த துணியை எடுக்கிற சத்தம் அவளுக்குக் கேட்டது. அவள் பின்னாலேயே ஓடினாள்.

"என்ன மச்சான் இது? சொன்ன வாக்கு என்னாச்சு?"

"இன்னைக்கு இறங்கலன்னா நான் இனிமே எப்பவும் இறங்க மாட்டேன். கண்ணைத் திறந்துகிட்டே செத்துருவேன் போலருக்கு." அவன் துணியை மடித்து ஓரமாக வைத்தான். "எனக்குப் பயமாத்தான் இருக்கு ஹஃப்ஸா. நீ வந்து கயிறு பிடி."

"நானா? அத்தனை ஆம்பளைங்க இருக்காங்க."

"இந்த ஊர் ஆம்பளைங்களுக்குக் கயிறுன்னா ஒண்ணுதான் தெரியும். இழுக்கிறது."

மதகில் கூட்டம் கூடியிருந்தது. ஜாஃபர் ஆற்றுப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அந்தப் பக்கம் தண்ணீர் உள்ளே உறிஞ்சுகிறது. இறங்குகிறவனைச் சேர்த்து உறிஞ்சிக்கொள்ளும். வாய்க்கால் பக்கம்தான் இறங்க வேண்டும். மதகுச் சுவரை ஒட்டினால் பாய்ச்சல் குறைவு. அடியில் இருப்பது எதுவானாலும் அதில் ஒரு தடித்த கயிற்றைக் கட்டிவிட்டு அவன் மேலே வந்துவிடுவான். பிறகு டிராக்டர் இழுக்கும். அது வெளியே வந்ததும் ஷட்டர் பொத்தென்று விழாமல் இனியவன் சங்கிலியில் பிடித்துக்கொள்வான்.

"நான் மேல வர்றதுக்கு முன்னாடி டிராக்டர் ஒரு அடி நகரக் கூடாது" என்று இரண்டு தடவை சொன்னான். பிறகு கோவிந்தராசுவைப் பார்த்துக் கேட்டான். "அடியில என்ன இருக்கு? யாராவது ஏதாவது வச்சிருந்தா இப்பவே சொல்லிடுங்க."

"ஆத்துல வந்த மரமா இருக்கும் தம்பி. வேற என்ன இருக்கப்போவுது?" என்றார் கோவிந்தராசு. அவரோடு வந்தவர்களும் ஆமாம் என்றார்கள். ஒருவர் மட்டும் தன் காலைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஹஃப்ஸா அதைக் கவனித்தாள், கவனித்தும் விட்டுவிட்டாள்.

அவன் எனாமல் தட்டை எடுத்துத் தண்ணீரில் விட்டான். ஒரு சாண். அதற்குள் தட்டு போய்விட்டது.

அவன் இடுப்பில் கட்டிய வெள்ளைக் கயிற்றின் மறுமுனை அவள் கையில். ஓர் இழுப்பு என்றால் நன்றாக இருக்கிறேன். இரண்டு என்றால் கயிறு விடு. மூன்று என்றால் கட்டியாகிவிட்டது. நான்கு என்றால் என்னைத் தூக்கு. அவள் வாய்க்குள் அதையே ஓதிக்கொண்டிருந்தாள். அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினான். நெஞ்சு மறைந்தது, தோள் மறைந்தது. முகமூடிக்குள் கண்கள் அகலத் திறந்திருந்தன. பிறகு அங்கே மழை விழுகிற பழுப்புத் தண்ணீர் மட்டும் இருந்தது.

ஓர் இழுப்பு. அவள் ஓர் இழுப்பு பதில் கொடுத்தாள். இரண்டு. கயிறு விட்டாள். மறுபடி ஒன்று. மழைத்துளியில் மூச்சுக் குமிழி எது, மழைக்குமிழி எது என்று தெரியவில்லை. ஆறு வருடம் அவள் பயந்த அந்தக் கடல் இதைவிட எவ்வளவோ மேல் என்று தோன்றியது. அங்கே அவள் பார்க்காமல் பயந்தாள். இங்கே பார்த்துக்கொண்டே ஒன்றும் பார்க்க முடியவில்லை.

அப்போது கயிறு அதிர்ந்தது. எண்ண முடியாத அதிர்வு. கயிறு விறைத்தது. பிறகு அசைவே இல்லை.

அவள் ஓர் இழுப்பு கொடுத்தாள். பதில் இல்லை. இன்னும் ஒன்று. பதில் இல்லை.

"ஆளைத் தூக்குங்கடா!" என்று யாரோ கத்தினார்கள். நாலைந்து பேர் கயிற்றைப் பிடிக்கப் பாய்ந்தார்கள்.

"யாரும் தொடாதீங்க!"

அந்தக் குரல் தன்னுடையதுதானா என்று அவளுக்கே சந்தேகம். கயிற்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கோவிந்தராசுவைப் பார்த்தாள். மனுஷருக்கு முகத்தில் ரத்தமே இல்லை. உதடு என்னமோ சொல்ல வருவதும் நிற்பதுமாக இருந்தது.

"அண்ணே, அடியில என்ன வச்சீங்க?"

"தங்கச்சி..."

"சொல்லுங்க! என் வீட்டுக்காரரு கீழ கெடக்காரு!"

"பனங்கட்டை. முறை இல்லாத நாள்லயும் கொஞ்சம் தண்ணி வரட்டும்னு, ஷட்டருக்கு அடியில நாலு விரல் சந்து கிடைக்கக் கொடுத்து வச்சோம். இனியவனுக்குத் தெரியாது. கட்டை அடிச்சிட்டுப் போயிடாம இருக்க, மூட்டை மண்ணு கட்டி, சுத்தி..." அவர் நிறுத்தினார். "சுத்தி வலை."

"எந்த வலை?"

"உங்க கடையில வாங்குனதுதான்ம்மா."

நாலு விரலுக்கு வைத்த கட்டை வெள்ளத்தில் புரண்டு நிமிர்ந்து ஷட்டரை ஒரு முழம் தூக்கிவிட்டது. முறை வைத்துப் பாய்ச்சுகிற மற்ற மடைக்காரர்களுக்குத் தெரியாமல் திருடின தண்ணீர், ஊரையே மூழ்கடிக்க வந்திருந்தது. கேஸ் ஆகிவிடும் என்று வாயைக் கட்டிக்கொண்டு ஒரு மனுஷனைக் கண் தெரியாத குழிக்குள் இறக்கியிருந்தார்கள். இதெல்லாம் அவளுக்குப் பிறகுதான் உறைத்தது. அந்த நொடியில் அவள் மனதில் இருந்தது தன் விரல் மட்டும்தான். மே மாதம் அந்த நீல வலைக்குள் விட்டுக் காட்டிய விரல். இழுக்க இழுக்கக் கடிக்கும். தளர விட்டாத்தான் கழலும்.

"இழும்மா, ஆள் போயிடும்!" பின்னாலிருந்து ஒரு பெண்ணின் அழுகுரல்.

ஹஃப்ஸா கயிற்றை விட்டாள்.

கையிலிருந்து ஒரு முழம் விட்டாள். இன்னொரு முழம். விறைத்த கயிறு தொய்ந்து தண்ணீரில் வளைந்து மிதந்தது. கூட்டம் ஐயோ என்றது. ஒருவர் அவள் தோளைப் பிடித்து உலுக்கினார். அவள் உடம்பின் ஒவ்வொரு நரம்பும் இழு இழு என்றது. கட்டின புருஷனைத் தானே ஆற்றுக்குக் கொடுக்கிறோமா என்று நினைத்தாள். நினைத்துக்கொண்டே இன்னும் ஒரு முழம் விட்டாள். டிராக்டர் இன்ஜினை நிறுத்தச் சொல்லி இனியவன் ஓடினான். இன்ஜின் நின்ற பிறகு மழைச் சத்தம்தான். அவள் எண்ணத் தொடங்கினாள். அறுபது வந்தது. நூறு வந்தது. இருநூற்றுப் பத்தில் எண்ணிக்கை தப்பிவிட்டது, மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தாள். அல்லாஹ்வைக் கூப்பிட்டாளா, எண்ணத்தான் செய்தாளா, இரண்டும் கலந்துவிட்டது.

தொய்ந்து கிடந்த கயிறு மெல்ல நிமிர்ந்தது.

ஓர் இழுப்பு.

அவள் பதில் கொடுக்க முயன்றாள். விரல்கள் கேட்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு உடம்போடு சாய்ந்து ஓர் இழுப்பு கொடுத்தாள். நெடுநேரம் கழித்து மூன்று வந்தது. பாவி மனுஷன் தளர்ந்த வலையை இடுப்புக் கத்தியால் அறுத்ததோடு விடாமல் கட்டையையும் கட்டிவிட்டான். பிறகு நான்கு. அப்போதுதான் அவள் "இப்ப இழுங்க!" என்றாள். அத்தனை ஆண்களும் தங்களுக்குத் தெரிந்த அந்த ஒரே வேலையைச் செய்தார்கள்.

அவன் கரையில் வந்து விழுந்தான். தோளிலும் சிலிண்டரிலும் நீல வலையின் கந்தல் தொங்கியது. ஆள் முழுசாகக் கரையேறினதை இனியவன் தொட்டுப் பார்த்த பிறகே டிராக்டர் நகர்ந்தது. பனங்கட்டை வந்தது, மண் மூட்டை வந்தது. ஷட்டர் இறங்கித் தரையில் உட்கார்ந்தது. வாய்க்காலின் இரைச்சல் அடங்கியது. யாரோ விசில் அடித்தார்கள். கோவிந்தராசு கையெடுத்துக் கும்பிட்டபடி கிட்டே வந்தார்.

"மன்னிச்சிரு தங்கச்சி. வாத்துன்னு சொன்னது பொய்."

"அளந்து கொடுத்தது நான்தான்" என்றாள் ஹஃப்ஸா. வேறு எதுவும் சொல்ல அவளுக்குத் தெம்பு இல்லை. "இனியவன்கிட்ட நீங்களே சொல்லிடுங்கண்ணே. நான் சொல்ற மாதிரி வச்சுக்காதீங்க."

அவள் கைகள் இன்னும் கயிற்றைப் பிடித்தபடி இருந்தன. விரிக்க வரவில்லை. ஜாஃபர் முகமூடியைக் கழற்றிவிட்டு நகர்ந்து வந்து அவள் விரல்களை ஒவ்வொன்றாக நிமிர்த்தினான். அவன் முகத்தில் மழை விழுந்துகொண்டிருந்தது. கண்ணை மூடியிருந்தான். ஏப்ரலுக்குப் பிறகு தண்ணீர் படும்போது அவன் கண்ணை மூடி அவள் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"எத்தனை மச்சான்?" என்று கேட்டாள். கேட்ட பிறகுதான் அழுகை வந்தது.

"பூஜ்யம். ஒண்ணுமே தெரியல" என்றான். "நீ கயித்தை விட்டது மட்டும் தெரிஞ்சுது."